பதினோராம் எழுத்து

சுக்திதி ஊர். ஹேசல்கொட்டைக் கூட்டுறவுக் கிடங்கு.
மூன்று நாளாக விடாத மழை.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோச்சா தோதுவா நிற்கிறார்,
ரப்பர் பூட்ஸிலிருந்து நீர் வடிய.
முன்னூற்றுப் பன்னிரண்டு கிலோ போட்டிருக்கிறார்.
ரசீது இருக்கிறது.
ஈரத்துக்குக் கழித்த கணக்கும் இருக்கிறது.
பட்டுவாடாப் பட்டியலில் மட்டும்
அவர் பெயருக்கு நேரே
'கிடைக்கவில்லை'.

மக்வாலா இரண்டு ஷீட்டையும் அருகருகே வைக்கிறாள்.
இங்கே கோச்சா தோதுவா.
அங்கே கோச்சா தோதுவா.
இரண்டும் ஒன்றா என்று கேட்கிறாள்.
இல்லை என்கிறது கணினி,
சாட்சிக் கூண்டேறிய பக்கத்து வீட்டுக்காரனைப் போல,
முகத்தைப் பார்த்துக்கொண்டே.

எழுத்துகளை எண்ணச் சொல்கிறாள்.
அவர்கள் லிபியில்
பெயருக்கு நான்கு, குடும்பத்துக்கு ஐந்து,
நடுவில் ஓர் இடைவெளி.
ஒரு பக்கம் பத்து.
மறுபக்கம் பதினொன்று.

கடைசி எழுத்தின் வாலுக்குப் போய்
அம்பு விசையை ஒரு தட்டுத் தட்டுகிறாள்.
ஒன்றுமில்லாத இடத்தில்
கர்சர் ஓரடி நகர்கிறது,
படிகள் முடிந்தன என்று இருட்டில் நம்பியவன் காலுக்கு
இன்னும் ஒரு படி அகப்பட்டதுபோல.

ஓரம் நறுக்கும் ஃபார்முலாவை ஏவிப் பார்த்தாள்.
அதற்குத் தெரிந்தது சாதா இடைவெளி, முப்பத்திரண்டாம் எண்.
இவன் நூற்று அறுபது.
அதே அகலம், அதே மௌனம்,
அசைய மாட்டேன் என்கிறான்.
எந்தப் பக்கத்திலிருந்து நகலெடுத்தபோதோ
கால்சட்டையில் நாயுருவியாய்
ஒட்டிக்கொண்டு வந்தவன்.

அவனைப் பிடிக்க அவனேதான் வேண்டும்.
அந்த வெறுமையை நகலெடுத்து
'தேடு' பெட்டியில் ஒட்டினாள்.
பெட்டி காலியாகவே தெரிந்தது.
'மாற்று' பெட்டியைக் காலியாகவே விட்டாள்.
ஒன்றுமில்லாததைத் தேடு,
அந்த இடத்தில் ஒன்றுமில்லாததை வை.
நாற்பத்தேழு இடங்களில் மாற்றப்பட்டது
என்றது கணினி, பெருமையாக.

கோச்சாவின் பணம் வந்து கட்டத்தில் உட்கார்ந்தது.
மவுஸிலிருந்து கையை எடுக்கும்போதுதான் பார்த்தாள்:
இருபத்தொன்பதாம் வரிசையில் லாமாரா ஜிகியா
லாமாராஜிகியா ஆகியிருந்தாள்.
அவள் அக்காவும் அப்படியே.
சில பெயர்களில் அந்த நூற்று அறுபதுதான்
ஆளும் வம்சமும் இடித்துக்கொள்ளாமல்
நடுவில் கிடந்த சந்து.
களையோடு பயிரும் கையில்.

பின்வாங்கு.
மறுபடி.
இம்முறை நூற்று அறுபதுக்குப் பதில் முப்பத்திரண்டு,
அப்புறம் ஓரம் நறுக்கல்.
நடுவில் இருப்பது நின்றது.
வாலில் தொங்கியது உதிர்ந்தது.

"என்னதான் தடங்கல்?"
"உங்கள் பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி நின்றது."
"யார் வைத்தது?"
"பட்டியலைப் போனில் அனுப்பியது உங்கள் மச்சான் மகன், ஜாபா."
"அவனா," என்றார் கோச்சா, நோட்டுகளை எண்ணியபடி.
"மாட்டுக் கொட்டகைக் கதவையும்
அவன் ஒருநாளும் சாத்தியதில்லை."

ஆறு மணி.
ஈரக் கொட்டையின் வாடை.
குழல்விளக்கில் முட்டி முட்டி விழும் ஒரு நாற்றப்பூச்சி.
மூடுவதற்கு முன், எதற்கோ,
நீளம் எண்ணும் ஃபார்முலாவைப்
பெயர்ப் பத்தி முழுக்க இழுத்துவிட்டாள்.
பத்து, பன்னிரண்டு, ஒன்பது, பத்து.
நூற்றுப் பதினாறாம் வரிசையில் பெயர் இல்லை.
நீளம் ஒன்று.
நூற்று அறுபது அல்ல, முப்பத்திரண்டும் அல்ல,
அகலமே இல்லாத ஏதோ ஒன்று.
எடை முப்பத்தெட்டு கிலோ.

அழிக்கும் விசைமேல் விரலை வைத்தாள்.
எடுத்தாள்.
பக்கத்துக் கட்டத்தில்
'யாரோ வருவார்' என்று அடித்துவிட்டுக்
குடையைத் தேடினாள்.