இரவல் கணக்கு

வால்டிவியாவில் மழை நின்றால்தான்
ஆட்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.
மற்ற நாளெல்லாம் பல்கலைக்கழக நூலக வாசலில்
குடைகள் வடிக்கும் நீரைத் துடைக்கச் சொல்வதும்
என் பொறுப்பில்தான் வருகிறது:
வாசகர் சேவை, பிரிவு நான்கு.

இந்த ஆண்டுக் கழிப்புப் பட்டியலில் ஆயிரத்து முந்நூறு நூல்கள்.
பத்தாண்டில் ஒருமுறைகூட இரவல் போகாதவை.
கணினிக் கூடத்துக்கு இடம் வேண்டுமாம்.
சிவப்பு வில்லைகளைக் கிழித்துக் கிழித்து
முதுகுகளில் ஒட்டிக்கொண்டே போனேன்.
பிற்பகலுக்குள் விரல் நுனியில் பசை காய்ந்துவிட்டது.

வரிசை எண் எண்ணூற்றுப் பதினொன்று.
ஆற்றின் ஆழ அட்டவணை, 1957.
எண்களைத் தவிர உள்ளே ஒரு வாக்கியம் கிடையாது.
இரவல்: சுழியம்.

யெசேனியா தள்ளுவண்டியை நிறுத்தினாள்.
பகுதிநேர மாணவி. நூல் அடுக்க மணிக்கூலி;
கருத்துச் சொல்லக் கூலி இல்லை. ஆனாலும் சொன்னாள்:
"இதை வியாழன்தோறும் நான்தான் அடுக்குகிறேன்.
பதினான்காம் மேசையில் கிடக்கும்.
அட்டை கொஞ்சம் ஈரமாக."

வியாழன் வரை வில்லையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

வந்தவர் எரிபெர்த்தோ உவேனுமான், படகோட்டி.
மாணவரல்ல, அதனால் அட்டை இல்லை.
அட்டை இல்லை, அதனால் இரவல் இல்லை.
இரவல் இல்லாததால் அவர் வரவே இல்லை.
எங்கள் கணக்கு அவ்வளவு சுத்தம்.

அறுபதாம் ஆண்டு நிலம் நடுங்கித் தாழ்ந்தபோது
அவர் அப்பாவின் மேய்ச்சல்வெளி தண்ணீருக்குள் போனது.
இன்று அங்கே நாணலும் கருங்கழுத்து அன்னங்களும்.
நிலவரிச் சீட்டு மட்டும் மூழ்கவில்லை,
ஆண்டுதோறும் தபாலில் மிதந்து வருகிறது.
"எதுவரை ஆறு, எதுவரை உன் நிலம்
என்று நீதிமன்றம் கேட்கிறது, சேஞோரா.
எனக்குச் சாட்சி இதுதான்."
மழுங்கிய பென்சிலால் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார்.
இரண்டு மீட்டர் பத்து.

நகல் எடுக்கலாமே என்றேன்.
எடுக்கலாம்தான்,
எங்கள் இயந்திரமும் மாணவர் அட்டையைத்தான் கேட்கிறது.
நானே எடுத்துக் கொடுத்தேன், பதினோரு தாள்.
மூலம் அலமாரியில் இருந்தால்தான் நகல் செல்லும்
என்கிறாராம் வக்கீல்.

இயக்குநர் ஒசான்டோன் கெட்டவரல்ல.
கூட்டத்துக்குக் காப்பி தன் காசில் வாங்குவார்.
"கையால் போட்ட கோடெல்லாம் தரவு ஆகாது, இர்மா.
உள்ளே படித்ததற்குப் பதிவு எங்கே?"
பதிவு செய்யும் கருவி கெட்டு ஆறு வருடம்.
ஐந்து கடிதம் எழுதியிருக்கிறேன்.
ஐந்துக்கும் பதில் அவர் கையெழுத்தில் வந்தது.
அதை அங்கே சொல்லியிருக்கலாம்.
சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன்.

அன்று மாலை என் பணியாளர் அட்டையை
முதல்முறையாக மற்றவர் வரிசையில் நின்று நீட்டினேன்.
இருபத்திரண்டு வருட வேலையில்
ஒரு நூலும் இரவல் வாங்காதவள் நான்.
யெசேனியா முத்திரை குத்தினாள்.
இரவல்: ஒன்று. இன்னும் பத்தாண்டு உயிர்.
நூலை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை,
போன வழியிலேயே திரும்பிப் பதினான்காம் மேசையில் வைத்தேன்.

திருப்பித் தரத்தான் மறந்துவிட்டேன்.
தவணை கடந்த அறிவிப்பு வீட்டுக்கு வந்தது.
அடியில் வழக்கமான அச்சுக் கையெழுத்து, என்னுடையது.
நாளுக்கு இருநூறு பெசோ, ஒன்பது நாள்.
கட்டி, எனக்கு நானே ரசீது கிழித்துக்கொண்டேன்.

ஆண்டறிக்கையில் இரவல் எண்ணிக்கை கூடியதாக
இயக்குநர் மகிழ்ந்து பேசினார்.
கைதட்டினார்கள், நானும்தான்.

திங்கட்கிழமை லாரி வந்தது.
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மழையில் நனையாமல் தார்ப்பாய் கட்டச் சொன்னேன்.
அவற்றை எந்தக் கிழமை, எந்த மேசையிலிருந்து
அடுக்கினாய் என்று
யெசேனியாவிடம் நான் கேட்கவில்லை.