ஷேடு அப்ரூவல்

வீரபாண்டிப் பிரிவில் ஒரு டையிங் கம்பெனி.
பதினோரு வருசமாக அங்கே
நிறத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவள் நான்.
வெளிநாட்டுக்காரன் அனுப்பிய விரற்கடைத் துணியும்
எங்கள் குடுவையில் வெந்த துணியும்
ஒன்றுதானா என்று
விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பேன்.
பகல் விளக்கு, கடை விளக்கு, வீட்டு மஞ்சள் விளக்கு.
மூன்றிலும் ஒத்துப்போனால்தான் பாஸ்.
பகலில் ஒன்றாயிருந்து
கடை விளக்கில் பிரிந்துபோகிற ஜோடிகளை
நிறையப் பார்த்தாயிற்று.

போனில் நாலாயிரத்துச் சொச்சம் படம்.
திரையில் பச்சைக் கோடு விழுந்த அன்றைக்கு
ஒன்றையாவது காகிதத்தில் ஏற்றிவிட வேண்டுமென்று பட்டது.
கொடிவேரியில் எடுத்தது.
பூர்விகாவுக்கு அப்போது ஆறு வயசு.
தலையில் தண்ணீர் கொட்டுகிறது,
வாய் முழுக்கத் திறந்திருக்கிறது,
கடுகு மஞ்சள் கவுன் நனைந்து
வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருக்கிறது.

எங்கே கொடுப்பது?
எந்தப் பட்டறையையும் ஒரே தடவையில் நம்பாத புத்தி.
ஒரே படத்தை மூன்று இடத்தில் கொடுத்தேன்,
சாம்பிள் கேட்கிற மாதிரி.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏசி போட்ட கடை.
ஒயரைச் சொருகினால் மெஷினே கேட்டது,
பளபளப்பா மங்கலா என்று.
எட்டு ரூபாய். ஒரு நிமிசம்.
எண்ணெய்ச் சட்டியிலிருந்து வடை வருகிற சூட்டில் வந்தது.
நிறம் பரவாயில்லை.
ஆனால் இரண்டு ஓரமும் இல்லை.
போன் படத்தின் அகலம் வேறாம், காகிதத்தின் அகலம் வேறாம்,
மிச்சத்தை மெஷினே வெட்டிக்கொண்டது.
அதைக் கேட்கவில்லை.

அடுத்தது ஆப்.
படம் அஞ்சு ரூபாய், கூரியர் அறுபது.
நாலு நாள் கழித்து அட்டைக்குள் அட்டையாக வந்தது.
ஓரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது,
பிள்ளைதான் வெளுத்திருக்கிறாள்.
கவுன் எலுமிச்சைக்குப் போய்விட்டது.
பவானி ஆற்றுத் தண்ணீர்
ஏதோ ஓட்டல் நீச்சல்குளமாகிக் கிடக்கிறது.

மூன்றாவது, அனுப்பர்பாளையத்தில்
பாத்திரக் கடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டுடியோ.
பன்னிரண்டு ரூபாய், சாயங்காலம்தான் கிடைக்கும்.
பக்கத்துப் பட்டறையில் யாரோ குடம் தட்டிக்கொண்டிருக்க
அந்தப் பையன் படத்தைத் திரையில் பெரிசாக்கி
ரொம்ப நேரம் பார்த்தான்.
அப்புறம் கேட்டான்:
"ஏனுங்க அக்கா, எடப்பக்கம் ஓரத்துல ஒரு கை இருக்குதுங்க.
வெட்டிப்போடட்டுங்களா?
இல்லீன்னா மேலயும் கீழயும் வெள்ளை உட்டு
முழுசாப் போடட்டுங்களா?"

மணிக்கட்டு வரைக்கும்தான் அந்தக் கை.
பாறை வழுக்கினால் பிடிக்க
விரல்கள் விரிந்து நிற்கின்றன.
நகக்கண்ணில் நீலம்.
அந்த வாரம் நேவி லாட் ஓடிக்கொண்டிருந்தது.
படம் எடுத்தவர் அவள் அப்பா.
அன்றைக்கு அணையில் எடுத்த நூற்றுப் பத்தில்
நான் இருப்பது
இந்த ஒன்றில்தான்.

"இருக்கட்டும்," என்றேன்.
யார் கை என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில்
மூன்றையும் விளக்குப் பெட்டிக்குள் வைத்தேன்.
அனுப்பர்பாளையத்துப் படத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கல்.
கழுத்து நிழலில் ரோஸ் அடிக்கிறது.
துணியாயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.
பின்னால் பென்சிலில் எழுதினேன்: கமர்ஷியல் ஓகே.
சுத்தமாக ஒத்துப்போகவில்லை,
இருந்தாலும் வண்டியேற்றலாம் என்பதற்கு
எங்கள் தொழிலில் அதுதான் வார்த்தை.

அதற்குச் சட்டம் போட்டாயிற்று,
பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது.

வெளுத்ததை எடுத்து
நோட்டு அட்டையில் ஒட்டிக்கொண்டாள் பூர்விகா.
இப்போது பன்னிரண்டு வயசு.
"இதுலதாம்மா நான் நல்லாருக்கறேன்."
விளக்குப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவர முடியாது.
நேற்று அவள் தூங்கின பிறகு நோட்டைப் பார்த்தேன்.
அதிலும் ஓரத்தில் அந்தக் கை இருக்கிறது,
வேறு யாருடையதோ மாதிரி,
நகத்தில் நீலமே இல்லாமல்.