இரண்டு புள்ளி எட்டு

வண்டி வாங்கி மூன்று மாதம்.
தெலுக் கும்பாரில் ஆ குவானின் காப்பிக்கடைக்குப் பின்னால்
மாதம் அறுபது வெள்ளி வாடகை நிழலில் நிற்கிறது.
ஃபேக்டரி கணக்கு முடித்துக் கொடுத்ததில் பாதி
இந்தத் தகரப் பெட்டி:
இரண்டு படுக்கை, ஒரு கழுவுதொட்டி,
இடுப்புயரக் குளிர்பெட்டி, ஆறு விளக்கு.

குளிர்பெட்டி உறுமத் தொடங்கினால்
ஆறு விளக்கும் முகம் வாடும்.
தண்ணீர் பம்பைத் தட்டினால்
ரேடியோவுக்கு விக்கல்.

"பேட்டரி செத்துப்போச்சு" என்றார் மச்சான் தனபாலன்.
புதிது வாங்கினேன்.
"இன்னும் பெரிசா வேணும்லா" என்றார் ஆ குவான்.
வாங்கினேன்.
"சோலார் போடுங்க காக்கா" என்றான்
வெல்டிங் பட்டறை ஹஃபிஸ்.
வாங்கவில்லை.

இருபத்திரண்டு வருடம் பாயான் லெப்பாஸில்
சோதனை மேசையில் உட்கார்ந்தவள் நான்.
ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு பலகை.
செத்தது பிழைத்தது என்று அங்கே யாரும் பேசுவதில்லை.
எண்ணைச் சொல்லு, அவ்வளவுதான்.
மூன்று பேர் சுற்றி நின்று பேசியதில்
மீட்டர் எந்தப் பையில் கிடக்கிறது என்பதே
மறந்துபோயிருந்தது.

ஞாயிறு. கடைக்கு விடுமுறை.
எல்லா விளக்கும் எரிய, குளிர்பெட்டி ஓட,
பேட்டரியில் வைத்தேன்: பன்னிரண்டு புள்ளி ஆறு.
விளக்கின் காலடியில்: ஒன்பது புள்ளி எட்டு.
வழியில் யாரோ தின்கிறார்கள்.

சிவப்பு எது கறுப்பு எது என்று பார்க்க வழியில்லை.
முன்பு வைத்திருந்தவருக்கு
மஞ்சள் சுருள் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது.
போகிறதும் மஞ்சள், வருகிறதும் மஞ்சள்.
ஒவ்வொன்றிலும் காகித டேப், பேனாவில் மலாய்:
லாம்பு. பம். கிப்பாஸ்.
ஒன்றில் மட்டும் 'தா தாவ்'.
தெரியாது என்று
கம்பிக்கே பெயர் வைத்திருக்கிறார் மனிதர்.

போகிற வழி சுத்தம்.
ஒரு ஊசியைப் பேட்டரியின் எதிர்முனையில் ஊன்றி
மற்றதால் வண்டியின் சட்டத்தைத் தொட்டேன்.
பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில்
வாடகை கொடுக்காதவனைப் போல
காலை நீட்டிப் படுத்திருந்தது
இரண்டு புள்ளி எட்டு.

எர்த் என்கிறோம்.
இந்த வண்டி மண்ணை எங்கே தொடுகிறது?
கீழே இரண்டு ரப்பர் சக்கரம்,
முன்காலுக்கு ஒரு பலகைத் துண்டு.
இந்த இரும்புதான் நிலம் என்று
எல்லாரும் ஒத்துக்கொண்டால் சரி,
போன மின்சாரம் திரும்பி வந்துவிடும்.

கித்தான் விரித்து அடியில் ஊர்ந்தேன்.
தலைக்கு மேலே சட்டம், அதற்கும் மேலே
சக்கரம் இறக்கிய விமானம் ஒன்றின் இரைச்சல்.
பின் அச்சின் பக்கத்தில் அந்த போல்ட்.
கழற்றியதும் சிரிப்பு வந்தது.
விற்பதற்காக, துரு தெரியாமலிருக்க,
பளபளவென்று கறுப்புப் பெயிண்ட்.
அந்தப் பெயிண்டின் மேலேயே வளையத்தை வைத்து
முறுக்கியிருக்கிறார்கள்.

உப்புத்தாளால் தேய்த்தேன்.
கறுப்பு போனது, பழுப்பு போனது,
ஐம்பது காசு அகலத்துக்கு வெள்ளை இரும்பு
கண் திறந்தது.
பல்வைத்த வாஷர், புது வளையம், மேலே கிரீஸ்.
கடல்காற்று விடாது இங்கே.
கண்ணில் விழுந்த துருத்தூளோடு
மறுபடி மீட்டர்:
புள்ளி பூஜ்யம் நான்கு.

குளிர்பெட்டி உறுமியது.
விளக்குகள் அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

தனபாலனுக்குச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
செத்துப்போச்சு என்று அவர் எடுத்துப்போன பேட்டரி
அவர் வீட்டு மீன்தொட்டிக்கு மூன்று மாதமாகக்
காற்றடித்துக்கொண்டிருக்கிறதாம். நன்றாகவே.

சாயங்காலம் மழை.
மிச்சமிருந்தது அந்த ஒற்றைக் கம்பி.
படுக்கைக்கு அடியில் தொடங்கித்
தரைப் பலகைக்குள் எங்கோ போகிறது.
ஊசி வைத்தேன். பூஜ்யம்.
நல்ல பூஜ்யமா கெட்ட பூஜ்யமா
என்று சொல்ல மீட்டருக்குத் தெரியாது.

நுனியில் டேப் சுற்றி மடக்கிவைத்தேன்.
அவர் எழுதியதற்குக் கீழே
தமிழில் எழுதினேன்:
எனக்கும்தான்.