தடி

முத்திரையில் சரவாக் என்ற எழுத்து
தூத்துக்குடி உப்பில் பாதி அழிந்திருந்தது.
"ஏது ஊர்த் தடியாணு?" என்றான் சுகதன்,
ஆரியங்காவு லாரிக்காரன்.

சாக்பீஸ் எடுத்து
தடியின் வெட்டுமுகத்திலேயே வரைந்தேன்.
போர்னியோ. பெருந்தீவு. இடுப்பில் நிலநடுக்கோடு.
மேல்விளிம்பு மலேசியா,
கீழே முக்கால் பங்கு இந்தோனேசியா,
நடுவில் நகக்கீறலாய்ப் புருனை.
சுற்றிலும் எண்ணித் தீராத தீவுகள்;
அவற்றுக்குத் தடியில் இடமில்லை.

"ஆரு பாகம் வெச்சது?"
லண்டன்காரனும் டச்சுக்காரனும்,
அந்த மழையில் நனையாமல்
எங்கோ ஒரு மேசையில்.

சிரிக்காதே சுகதா.
இந்த மரவாடிப் பத்திரத்தில்
இன்னும் திருவிதாங்கூர்ச் சங்குதான் இருக்கிறது.
ஐம்பத்தாறு நவம்பரில் செங்கோட்டை
படுத்தது அங்கே,
விழித்தது இங்கே.
பாயைக்கூடச் சுருட்டவில்லை.

இசக்கித்துரை ரம்பத்தை முடுக்கினான்.
முதலில் புருனை உதிர்ந்தது.
பிறகு மலைகள், பிறகு அந்த நீள எல்லை.
ஈரச் சிவப்புத் தூள்
பீடி வாசனையையும் மூடிற்று.

பலகை இன்றிரவு புளியரை தாண்டவேண்டும்.
பில்லில் ஒரு கட்டம்: சரக்கு பிறந்த இடம்.
பேனாவை உதறி
செங்கோட்டை என்று எழுதினேன்.
தும்மல் வந்தது,
இரண்டு முறை.