நானூறு வோல்ட்டுக்கு ஒரு கூண்டு

நான்கு வருடம் அம்மணமாகவே பாடியது.
பைன் பலகை ஒன்று, மேலே
டிரான்ஸ்ஃபார்மர் மூன்று, வால்வு நான்கு,
என் கையெழுத்தைப் போல
எனக்கு மட்டும் புரிகிற வயர்கள்.
யாராவது வந்தால் "தொடாதே" என்பேன்.
அந்தச் சொல்தான் அதற்குப் பெட்டி.

நவம்பரில் தங்கை வந்தாள்,
ஒரு சூட்கேஸ், ஒரு மகன்.
கௌனாஸில் அன்று முதல் பனி.
யோரிஸுக்கு இரண்டு வயது நிறைய மூன்று வாரம்.
"தொடாதே" என்றால் அவன் அகராதியில்
"இன்னும் கொஞ்சம் கிட்டே வா".

பகலெல்லாம் ட்ராலி பஸ் பணிமனையில்
அறுநூறு வோல்ட் கம்பியின் கீழ் நிற்பவள் நான்.
பயந்ததில்லை.
அன்று வால்வின் ஆரஞ்சு வெளிச்சத்தை நோக்கி
ஒரு சின்னக் கை நீண்டபோது
என் தொண்டை அடைத்துக்கொண்டது.

பிளக்கைப் பிடுங்கினேன்.
ஔஷ்ரா கேட்டாள்: "அணைத்தாச்சே, இன்னும் என்ன?"
"கெபாசிட்டரில் இருக்கும்."
"எவ்வளவு நேரம்?"
"வடிய வழி இல்லையென்றால் நாள்கணக்கில்.
அணைந்த மாதிரிதான் தெரியும்."
அவள் தன் போனைப் பார்த்தாள்,
பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாளே ஒரு ரெசிஸ்டர் வைத்தேன், நூறு கிலோ ஓம்.
நான்கு வருடமாகத் தள்ளிப்போட்ட ஐந்து நிமிட வேலை.
இருவரும் மீட்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம்.
நானூறு.
முப்பது வினாடியில் நூறு.
இரண்டாவது நிமிடம் ஒன்றரை.
"அவ்வளவுதானா?" என்றாள் அவள்,
யாரோ ஏமாற்றிவிட்ட குரலில்.

சேஸிஸுக்கு
கழித்துப் போட்ட பேருந்தின் தடப்பலகை, நல்ல அலுமினியம்.
கண்காணிப்பாளருக்கு ஒரு பாக்கெட் சிகரெட்.
பெயின்ட் அடித்த 13 உள்பக்கம் போகும்படி மடித்தேன்.
இப்போதும் கவிழ்த்துப் பார்த்தால்
ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே எர்த் போல்ட்.

பலகையில் தாராளமாக உட்கார்ந்திருந்தவர்கள்
தகட்டில் தோளோடு தோள் நெருங்கினார்கள்.
பாட்டு வைத்தேன். எனக்குத் திருப்தி.
சமையலறையிலிருந்து ஔஷ்ரா:
"எங்கள் பேக்கரியில் மாவு பிசைகிற மெஷின்
இரண்டு அறை தள்ளி ஓடுகிற மாதிரி இருக்கிறது. வலதுபக்கம்."

இல்லை என்றேன்.
இருக்கிறது என்றாள்.
காதை ஸ்பீக்கரில் ஒட்டினேன்.
இருந்தது.

ஸ்கிரீன் வயர் மாற்றினேன். எர்த்தை ஒரே புள்ளியில் சேர்த்தேன்.
ஒரு ஞாயிறு முழுக்க வைதேன்,
வயரை, டிரான்ஸ்ஃபார்மரை,
அம்மா வீட்டை விற்ற காசில் அவள் எடுத்த பங்கை.
கடைசி வசவு வாய்தவறி வந்தது.
அவள் பதில் பேசவில்லை.
பாத்திரம் கழுவினாள், ரொம்ப நேரம்.

இரவு பதினொன்றுக்கு
பவர் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிக்
கையில் பிடித்தபடி மெல்லத் திருப்பினேன்.
கால் சுற்று. மெஷின் நின்றது.
முகத்துக்கு முகம் பார்க்காமல் உட்காரவைத்தால் போதும்,
இரைச்சல் தொற்றாது.
புதுத் துளை போட்டேன்.
பழைய நான்கு துளைகள் அப்படியே இருக்கின்றன,
பல் விழுந்த மாதிரி.

புதன்கிழமை ஔஷ்ரா பேக்கரியிலிருந்து
ரொட்டி ஆறவைக்கும் கம்பி வலை இரண்டு கொண்டுவந்தாள்.
"கூண்டுக்கு ஆகுமா?"
விலை கேட்டேன். சொல்லவில்லை.
யோரிஸ் தூங்கும்போது
அவன் சுண்டுவிரலை வெர்னியரில் அளந்தோம்:
ஏழு மில்லிமீட்டர்.
வலையின் இடைவெளி பத்து.
குறுக்கே இன்னொரு வலை. இப்போது போகாது.
அவள் வளைத்தாள், நான் அறுத்தேன்,
கூண்டுக்கும் ஒரு எர்த் வயர்.

இன்று அதன் பக்கத்தில்
துணி மூடிய மாவுக் கிண்ணம்.
"வெதுவெதுப்பாக இருக்கிறது, சீக்கிரம் உப்பும்" என்கிறாள்.
மேலே வைக்காதே, காற்று போகவேண்டும் என்கிறேன்.
"பக்கத்தில்தானே வைத்திருக்கிறேன்."

யோரிஸ் வலைக்கு வெளியே நிற்கிறான்,
மூக்கு நுனியில் ஆரஞ்சு.
வலதுபக்கம் இன்னும் ஒரு கொசு பாடுகிறது.
எந்த வயர் என்று தெரியும்.
மாவு உப்பட்டும்.