கணக்கில் வராத திருகாணி

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை.
வெள்ளி லட்சுமியாம்; செருப்பு வாசலோடு.
சாயங்கால நிறுவையில்
ஒரு திருகாணி குறைந்தது.
மடியை உதறினோம்.
முதலாளி என்னையே பார்த்தார்.

ஆறாம் நாள்
பாயில் கறை கண்டு
செல்லக்கிளி அலறினாள்.
"வலிக்கலையே" என்றேன்.
"அதாங்க வியாதி" என்றார்
பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா,
சீழிலிருந்து வெள்ளியை
இடுக்கியால் எடுத்தபடி.

கழுவி, காகிதத்தில் மடித்துக்
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பழக்கதோஷம், தராசில் போட்டார் முதலாளி.
சரியாக இருந்தது.
சிவப்பு எண்களையே வெகுநேரம் பார்த்தவர்
"இனிமே செருப்போட உள்ள வாய்யா" என்றார்.

இப்போது எனக்கும் ராத்திரி நிறுவை:
முகம் பார்க்கும் கண்ணாடியைத்
தரையில் போட்டுப்
பாதத்தைக் காட்டுகிறேன்.
தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பார்த்துக் கழுவி
விரலிடுக்கைத் துடைக்கிறாள் செல்லக்கிளி,
எண்ணுகிறாள்.
ஒன்பது.
நேற்றும் ஒன்பது.