ஆசிரியர் பெயர்: ஞானப்பிரகாசம்

ஒவ்வொரு மார்ச்சிலும் என் வேலை இதுதான்.
தரமணி வளாகத்து நூலகத்தில்
ஏசி எட்டாத மூலையில் உட்கார்ந்து
யாரை யார் எத்தனை முறை சொன்னார்கள்
என்று எண்ணுவது.
விஞ்ஞானம் தெரியாது. எண்ணத் தெரியும்.

இரண்டாம் மாடி யூனிஸ் மேடம்
பதினெட்டு வருஷமாக ஒரே புரதத்தின் பின்னால் போகிறார்.
அறுந்த டி.என்.ஏ.வின் இரண்டு முனையையும்
இழுத்துப் பிடித்து ஒட்டுகிற புரதம்.

'ஆய்வின் பயன்' என்றொரு கட்டம் உண்டு படிவத்தில்.
அதற்காகக் கேட்டேன் ஒருமுறை.
ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார்.
மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தோரம்
மண்வெட்டியோடு ஒருவர், சட்டையில்லாமல்.
"அவர் தோளில் இந்த மத்தியானம் மட்டும்
எத்தனை லட்சம் பழுது தெரியுமா?
நாளை மறுநாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும்.
அவருக்கே தெரியாது."
எழுதப் போனேன்.
"இருங்க, அது என் புரதம் இல்லை, வேறு கும்பல்.
என்னுடையது முழுசாக அறுந்தால்தான் வரும்.
பார்த்து எழுத நகல் இருக்காது, அவசரம்.
ஒட்டும்போது இரண்டு மூன்று எழுத்து போகும்.
போனால் போகுது. செல் பிழைக்கும்."
கட்டத்தில் அவ்வளவுக்கு இடமில்லை.
'மனிதகுல நலன்' என்று போட்டேன்.

அவரைச் சொன்னவர்களைச் சொல்கிறேன்:
பாதிப்பேர் இன்னும் ஏழு பெயரோடு சேர்த்து
ஒரே அடைப்புக்குறிக்குள் திணித்திருக்கிறார்கள்,
காலை எட்டரை மணி பஸ் படிக்கட்டு மாதிரி.
ஒருவர் அவர் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்கிறார்.
இரண்டு பேர் தப்பு என்கிறார்கள்
(அதுவும் கணக்கில் சேரும்).
பதினொன்று அவரே அவரைச் சொன்னது.
போலந்தில் ஒரு மாணவி மட்டும்
ஒரு பக்கம் முழுக்க அவரோடு பேசியிருக்கிறாள்.
அதுவும் ஒன்றுதான். ஒன்றுக்கு மேல் போட வழியில்லை.

சிக்கல் பெயரில் இருந்தது.
நமக்கு இனிஷியல் முன்னால். அவர்களுக்குக் குடும்பப்பெயர் வேண்டும்.
தரவுத்தளம் அவரை மூன்றாக அறுத்து வைத்திருந்தது:
ஜி. யூனிஸ், அறுபத்து மூன்று.
யூனிஸ் ஜி., நூற்றுப் பன்னிரண்டு.
ஞானப்பிரகாசம் இ., நாற்பத்தொன்று.

மூன்றாமவர் அவருடைய அப்பா.
பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வெல்டர்.
ரிட்டையர் ஆன மறு வருஷம் போனவர்.
ஜப்பானிலும் பிரேசிலிலும் நாற்பத்தொரு இடத்தில்
'ஞானப்பிரகாசம் காட்டியபடி' என்று இருக்கிறது.

பதவி உயர்வுக் குழு உட்காரப்போகிறது என்றார்கள்.
நானே விண்ணப்பித்தேன், மூன்றையும் சேர்க்கச் சொல்லி.
பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. இணைத்தாகிவிட்டது.
இருநூற்றுப் பதினாறு. எச்-இன்டெக்ஸ் ஆறிலிருந்து எட்டு.
சந்தோஷமாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார்.
தேடல் கட்டத்தில் ஒரு விரலால்
அந்தப் பழைய பெயரைத் தட்டினார், எழுத்து எழுத்தாக.
'இப்படி ஓர் ஆசிரியர் இல்லை.'

ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம் நான்.
"ஜி இருக்கே மேடம்" என்றேன்.

"இருக்கு" என்றார்.
கொஞ்சம் கழித்து,
"அங்கே வெல்டு ஓரத்தில் நம்பர் குத்துவாங்க. பெயர் கிடையாது.
அப்பாவுக்கு நானூற்றுப் பதினேழு.
ஒட்டு விட்டுப்போனால்தான்
யார் நம்பர் என்று தேடுவாங்களாம்.
அவர் நம்பரை யாரும் தேடி வந்ததில்லை.
அதைத்தான் வீட்டில் பெருமையாகச் சொல்வார்."

சேர்ப்பதற்கு முன் ஃபைலுக்காக
அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்திருந்தேன்.
மை குறைந்த பிரிண்டர், பாதி எழுத்து வெளிறியிருந்தது.
கொடுத்தேன். நான்காக மடித்து
டிபன் பைக்குள், தயிர் டப்பாவுக்கு அந்தப் பக்கம்
நனையாமல் வைத்தார்.

அப்போது கரண்ட் போனது.
மேலே ஃப்ரீசர் கூவ ஆரம்பித்தது.
மைனஸ் எண்பதில் அவருடைய பதினெட்டு வருஷம்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
படியேறி ஓடினார்.

இருட்டில் உட்கார்ந்து
படிவத்தின் கடைசிக் கட்டத்தை
நான் இன்னும் நிரப்பவில்லை.